விவிடி-யை (மாறும் வால்வ் டைமிங்) முடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஃப்-ரோடு டிரக்குக்கு வேறு எஞ்சின் ஏற்றும்போது, "சாலினாய்டு (விவிடி-க்கான மின்வால்வு) ஒயரைப் பிடுங்கிவிட்டால் விவிடி தொல்லை தீர்ந்தது" என்று பலர் சொல்வார்கள். முதல் தவறே அதுதான். எஞ்சின் ஓடும்போதே வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றுவதுதான் விவிடி. அதை முடக்குவது என்றால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இனி எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று நாம் முடிவெடுப்பது. ஒயரைப் பிடுங்கினால் அந்த முடிவை ஃபேசருக்குள் (கேமின் கோணத்தை மாற்றும் கியர்) இருக்கும் லாக் பின் எடுத்துவிடும்.

டொயோட்டாவின் விவிடி-ஐ (VVT-i) எஞ்சின்கள் பலவற்றில் இன்டேக் கேம் (காற்று உள்ளே வரும் வால்வுகளுக்கான கேம்) ஓய்வு நிலையில் முழு ரிட்டார்டில், அதாவது வால்வ் மிகத் தாமதமாகத் திறந்து மூடும் நிலையில் நிற்கும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வ் திறந்திருப்பதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையும். பாறை மேல் ஊர்ந்து ஏற வேண்டிய வண்டிக்கு இது பெரிய நஷ்டம். ஜிஎம்மின் புஷ்ராடு வி8-களில் நேர் எதிர்: ஃபேசர் அட்வான்ஸில் (வால்வ் முன்னதாகத் திறந்து மூடும் நிலையில்) நிற்கும், கம்ப்யூட்டர் கேட்டால்தான் ரிட்டார்டு ஆகும். கீழ் இழுவை நன்றாக இருக்கும், மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். ஒரு எஞ்சினுக்குச் சொன்ன யோசனையை இன்னொன்றில் அப்படியே செய்துவிடாதீர்கள்.

முடக்குவதற்கான காரணத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். செங்குத்துச் சரிவில் ஃபேசர் கடகடவென்று தட்டுகிறது என்று விவிடி-யைக் கழற்றுகிறவர்கள் உண்டு. ஃபேசர் ஆயில் பிரஷரில் நகரும் பொருள். வண்டி சாயும்போது சம்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சினால் ஃபேசர்தான் முதலில் சத்தம் போடும். அதைக் கழற்றினால் சத்தம் நிற்கும், ஆயில் பஞ்சம் நிற்காது. அடுத்து போவது கிராங்க் பேரிங். முதலில் சம்பையும் பிக்கப்பையும் சரிசெய்யுங்கள். அதன் பிறகு விவிடி-யை விட்டுவைப்பதே நல்லது என்று பல நேரம் தெரியும்; கீழ் இழுவை, மேல் வேகம் இரண்டையும் அது தருகிறது.

முடக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபேசரை வெல்டு வைத்துப் பூட்டாதீர்கள். சூட்டில் ஸ்பிரிங்கும் சீலும் கெடும், கோணமும் துல்லியமாக நிற்காது. அசையாத கியரைப் போடுங்கள். ஆனால் கியரை மட்டும் வாங்கி வராதீர்கள். ஜிஎம் வி8-இல் ஃபேசரின் நடு போல்ட்டே ஆயில் வால்வும்கூட. விவிடி இல்லாத கேம்களில் பலவற்றுக்கு மூன்று போல்ட். கேம், கியர், முன் கவர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கேம் சென்சார் படிக்கும் பற்களின் எண்ணிக்கையும் கம்ப்யூட்டர் எதிர்பார்ப்பதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பி0016 போன்ற பிழைக் குறியீடு எழும்.

அந்தக் குறியீட்டை மட்டும் மறைத்துவிட்டு டியூனிங் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. கேம் கோணத்தை வைத்தே கம்ப்யூட்டர் காற்றளவைக் கணிக்கிறது. கோணம் நிலையானதும் ஃப்யூயல், இக்னிஷன் டேபிள்களை அதற்கேற்ப மாற்ற வேண்டும். அட்வான்ஸில் பூட்டிய எஞ்சின் பாரம் ஏறும்போது நாக் அடிக்கிறதா (எரிபொருள் தானே வெடித்துத் தட்டுகிறதா) என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சாலையிலும் ஓடும் வண்டியென்றால் உங்கள் பகுதியின் புகை விதியை முதலிலேயே விசாரியுங்கள்.

கடைசியாக, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி. பெரிய கேம் போட்டிருந்தால் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டைப் பூட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கேமுக்கு அது ஒரு சுற்று. பிறகு ஹெட்டைக் கழற்றிக் களிமண்ணைக் குறுக்கே வெட்டி மிக மெல்லிய இடத்தை அளந்தால், இன்டேக்கில் குறைந்தது சுமார் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டில் குறைந்தது சுமார் 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சுற்றும்போது எங்காவது தடுத்தால் நீளமான ஸ்பானரை மாட்டி அழுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு டைமிங் குறிகளைத் திரும்பப் பாருங்கள்.