ஊருக்கு கார்ல போறவங்க சீட் பெல்ட் விஷயத்துல பண்ற தப்புகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூர்ல சில்க் போர்டு தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறுற கார்கள்ல எக்கச்சக்கமா நம்ம ஆளுங்க கார்தான், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், அதுக்கும் கீழன்னு ஊருக்குப் போற கூட்டம். நான் மடிவாளா பக்கம் குடியிருக்கேன், மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்த ரோட்ல போறேன், போறப்போ ட்ராஃபிக்ல நிக்கும்போது பக்கத்து கார்களைப் பாப்பேன். ஓட்டுறவர் பெல்ட் போட்டிருப்பார். பக்கத்து சீட்ல இருக்கவர் போட்டாலும் போட்டிருப்பார். பின்னாடி அம்மா, அத்தை, பாட்டி, மடியில ஒரு குழந்தை, ரெண்டு சீட்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டு இன்னொரு குழந்தை, யாருக்குமே பெல்ட் இருக்காது. தமிழ்நாட்டு எல்லையில இருக்க அத்திபெலே தாண்டினதும் முன்னாடி இருக்கவங்கள்லயும் சில பேர் கழட்டி விட்டுடுவாங்க, கேமரா போச்சு போலீஸ் போச்சுன்னு.

நாங்களும் அப்படித்தான் போய்ட்டு இருந்தோம். மூணு வருஷம் முன்னாடி பொங்கலுக்குப் போறப்போ அண்ணன் ஓட்டினான், நான் பக்கத்துல, சித்தி பின் சீட்ல நடுவுல உக்காந்து எங்களுக்கு ஆரஞ்சு உரிச்சு குடுத்துட்டு வந்தாங்க. தொப்பூர் கணவாய் இறக்கத்துல முன்னாடி போன லாரி நின்னுடுச்சு, அண்ணனும் பிரேக்கை மிதிச்சான், ஆனாலும் போய் இடிச்சிடுச்சு, பெரிய ஸ்பீடெல்லாம் இல்ல, நாப்பது இருந்திருக்கும். எங்க ரெண்டு பேருக்கும் தோள்ல பெல்ட் அழுத்தின தடம் மட்டும்தான். சித்தி ரெண்டு சீட்டுக்கும் நடுவுல முன்னாடி வந்து விழுந்து காறை எலும்பு உடைஞ்சு, முன் பல்லு ரெண்டு போயி, ஆறு மாசம் ஒரு கையைத் தூக்க முடியாம கஷ்டப்பட்டாங்க. அவங்க பெல்ட் போட மாட்டேன்னு சொல்லவே இல்ல. நாங்கதான் போடுங்க சித்தின்னு சொல்லல, சொல்லணும்னே எங்களுக்குத் தோணல. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் உறுத்துது, அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன்.

முதல் தப்பு இதுதான், பின் சீட்டு பத்திரமான இடம், அங்க பெல்ட் தேவையில்லன்னு நெனைக்கிறது. நம்ம வீட்டுல யாரை ரொம்ப பத்திரமா கூட்டிட்டுப் போகணும்னு நெனைக்கிறோமோ அவங்களைத்தான் பின்னாடி உக்கார வைக்கிறோம், அவங்களைத்தான் பெல்ட் இல்லாம விடுறோம். கார் அம்பதுல போகுதுன்னா உள்ள இருக்க உடம்பும் அம்பதுலதான் போகுது, கார் இடிச்சு நின்னாலும் உடம்பு நிக்காது, எதையாவது போய் மோதித்தான் நிக்கும். அம்பது கிமீ வேகத்துல மோதுறதும் முப்பது அடிக்கு மேல இருந்து, அதாவது மூணாவது மாடியில இருந்து கீழ விழுறதும் ஒண்ணு. அந்த வேகத்துல பின்னாடி இருக்கவர் முன் சீட்டு மேல விழுந்தா முன்னாடி பெல்ட் போட்டு உக்காந்திருக்கவருக்கும் ஆபத்து, அறுபது எழுபது கிலோ முதுகுல வந்து அடிச்சா அவர் போட்ட பெல்ட்டு மட்டும் எவ்ளோ தாங்கும்?

இதுக்கு உதாரணம் நாடே பாத்தது. 2022 செப்டம்பர் 4ம் தேதி அகமதாபாத் பக்கத்துல இருந்து மும்பை வர்ற ரோட்ல, பால்கர் கிட்ட பாலத்துல கார் மோதி டாடா சன்ஸ் கம்பெனியோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின் சீட்ல இருந்த ரெண்டு பேரும் பெல்ட் போடலன்னு போலீஸ் சொன்னாங்க, ரெண்டு பேருமே போயிட்டாங்க, முன்னாடி இருந்த ரெண்டு பேர் பலத்த காயத்தோட பிழைச்சாங்க. விலை கூடுன நல்ல கார் அது. அதுக்கும் முன்னாடி 2014 ஜூன் 3ம் தேதி டெல்லியில மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே காலையில ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினவர் சிக்னல்ல இன்னொரு கார் வந்து மோதி இறந்தார், அவரும் பின் சீட்டுதான், அப்பவே ஹெல்த் மினிஸ்டரா இருந்த ஹர்ஷ் வர்தன் பின் சீட் பெல்ட்டைப் பத்தி பேசினார், கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துட்டோம்.

சட்டம் இந்த விபத்துகளுக்கு அப்புறம்தான் புதுசா வந்ததுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, இல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 138வது விதி, முன்னாடி பாத்து உக்கார்ற பின் சீட்டு ஆளுங்களும் பெல்ட் போடணும்னு ரொம்ப வருஷமாவே சொல்லுது. நூறு ரூபாயா இருந்த ஃபைன் 2019 செப்டம்பர் 1ல இருந்து மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுல ஆயிரம் ரூபாய் ஆச்சு. மிஸ்திரி விபத்துக்கு அப்புறம் 2022 அக்டோபர்ல கர்நாடகாவுல பின் சீட்டுக்கும் ஆயிரம் ரூபாய்னு சர்க்குலர் வந்தது, அதுக்கு அடுத்த மாசம் மும்பையில போலீஸ் கார்ல இருக்க எல்லாரும் போடணும்னு ஆரம்பிச்சாங்க. இன்னொண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த பிரிவுல ஓட்டுறவர் தான் போடலன்னாலும் தப்பு, பெல்ட் போடாத ஆளை ஏத்திட்டுப் போனாலும் தப்பு, அதனால பின்னாடி இருக்க மாமா போடலன்னா சட்டப்படி நீங்கதான் பதில் சொல்லணும். அத்திபெலே தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள போனாலும் இது மத்திய சட்டம், அங்கயும் இதேதான்.

இந்த இடத்துலதான் நம்ம ஆளுங்களுக்கு பெரிய சங்கடம் வருது. பெரியவங்ககிட்ட எப்படி சொல்றது? மாமா காரை எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறார், நாம ஏறின உடனே பெல்ட்டை இழுத்தா, "என்னப்பா, மாமா ஓட்டுறதுல நம்பிக்கை இல்லையா?"ன்னு கேப்பார், அவர் மனசு நோகக் கூடாதுன்னு நாம பெல்ட்டை விட்டுடுவோம். அதே மாதிரி நாம ஓட்டும்போது பின்னாடி மாமியார் இருந்தா "பெல்ட் போடுங்க அத்தை"ன்னு சொல்ல வாய் வராது, மரியாதைக் குறைவா தோணும். அந்த மரியாதையை நான் சாதாரணமா நெனைக்கல, அது இருக்கணும்தான், ஆனா ஒருத்தர் எவ்ளோ நல்லா ஓட்டினாலும் எதிர்ல வர்ற லாரிக்காரர் தூங்கிட்டா அவரால என்ன பண்ண முடியும். நான் இப்ப என்ன பண்றேன்னா வாயால சொல்றதே இல்ல, பின் கதவைத் திறந்து பெரியவங்க உக்காந்ததும் நானே பெல்ட்டை இழுத்து, "கொஞ்சம் கையைத் தூக்குங்க அத்தை"ன்னு மாட்டி விட்டுட்டு அப்புறம்தான் முன்னாடி போய் உக்காருவேன். இதுவரைக்கும் யாரும் வேணாம்னு தட்டி விட்டதில்ல, பாதி பேருக்கு அந்த பெல்ட்டை எங்க மாட்டுறதுன்னு தெரியாததுதான் பிரச்சனை, கேக்கக் கூச்சப்பட்டு சும்மா இருக்காங்க.

இழுத்தா வரலன்னு விட்டுடுறவங்களும் உண்டு. வெடுக்குன்னு இழுத்தா லாக் ஆகும், மெதுவா இழுத்தா வரும், திடீர்னு இழுபட்டா பிடிச்சுக்கணும்ங்கிறதுதான் அதோட வேலையே. மூச்சு முட்டுதுன்னு சொல்றவங்களும் மாட்டினதுக்கு அப்புறம் மெதுவா முன்னாடி குனிஞ்சு பாத்தா தெரியும், பெல்ட் கூடவே வரும்.

அடுத்தது ஏர்பேக் இருக்கே, பெல்ட் எதுக்குங்கிற பேச்சு. காரோட ஸ்டியரிங்லயோ டேஷ்போர்டுலயோ எஸ்ஆர்எஸ்னு எழுதியிருக்கும், கூட உதவிக்கு இருக்கறதுன்னு அர்த்தம், பெல்ட்டுக்கு உதவியா. ஏர்பேக் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள மணிக்கு 200, 300 கிமீ வேகத்துல வெடிச்சு விரியுது, பெல்ட் இல்லாத உடம்பு முன்னாடி பாய்ஞ்சு வர்ற அதே நேரத்துல அது எதிர்ல வந்து மூஞ்சியில அடிச்சா காப்பாத்துறதே காயப்படுத்தும். பெல்ட் உடம்பை அந்த இடத்துல பிடிச்சு வச்சாதான் ஏர்பேக் தலையணை மாதிரி வேலை செய்யும்.

பீப் பீப்னு கத்துதுன்னு பக்கிள்ல சொருகி வைக்கிற சின்ன கிளிப் ஒண்ணு இருக்கு பாருங்க, அது இருந்தா இன்னிக்கே கழட்டி தூக்கிப் போடுங்க. 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அஞ்சு பெரிய ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு இந்த கிளிப் விக்கிற 13,118 லிஸ்டிங்கை எடுக்க வச்சாங்க. சிகரெட் லைட்டர் மாதிரியும் பாட்டில் ஓப்பனர் மாதிரியும் வேஷம் போட்டெல்லாம் வித்திருக்காங்க. உயிரைக் காப்பாத்த கத்துற ஒரு சத்தத்தை அடக்க காசு குடுத்து பொருள் வாங்குறோம்ங்கிறதை நெனைச்சா எனக்கு நெஜமாவே வயிறு எரியுது. பெல்ட்டை சீட்டுக்குப் பின்னாடி வழியா மாட்டிட்டு அதுக்கு மேல உக்கார்றதும் இதே தப்புதான்.

சரி, போடுறவங்களும் தப்பா போடுறாங்க. கக்கத்துக்கு அடியில விட்டுப் போட்டா விலா எலும்பு வாங்கும். தோள் பெல்ட் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல வரணும், நெஞ்சு குறுக்கே இறங்கணும், கீழ் பெல்ட் வயித்து மேல இல்லாம இடுப்பு எலும்பு மேல தாழ இருக்கணும், ஏன்னா எலும்பு தாங்கும், குடலும் ஈரலும் தாங்காது. கர்ப்பமா இருக்கவங்க பெல்ட் போடக் கூடாதுன்னு நம்ம வீடுகள்ல சொல்றது தப்பு, கட்டாயம் போடணும், கீழ் பெல்ட் வயித்துக்கு அடியில தொடையை ஒட்டி, மேல் பெல்ட் ரெண்டு மார்புக்கும் நடுவுல வந்து வயித்தோட பக்கவாட்டுல இறங்கணும். நைட்டு பயணத்துல முன் சீட்டை படுக்கை மாதிரி சாச்சுட்டு பெல்ட் போட்டுத் தூங்குறது நெறைய பேருக்குப் பழக்கம், அப்ப பெல்ட் உடம்பைத் தொடாம காத்துல தொங்கும், மோதினா உடம்பு அடியில வழுக்கிக்கிட்டு போயி கழுத்துல மாட்டும். பட்டுப்புடவை மடிப்பு கசங்கும், வெள்ளைச் சட்டையில கறை படும்னு போடாதவங்களுக்கு ஒரு யோசனை, யாரும் தொடாம கிடக்கறதாலதான் பின் சீட் பெல்ட்ல அவ்ளோ தூசி, ஈரத்துணியால துடைச்சு நிழல்ல காய விட்டா போதும்.

குழந்தை விஷயம் சொல்லும்போது கொஞ்சம் கோவமாவே சொல்றேன். முன் சீட்ல மடியில வச்சுக்கிட்டுப் போறது நம்ம ஊர்ல பாசமா பாக்கப்படுது. பத்து கிலோ குழந்தை அம்பது கிமீ வேகத்துல கார் மோதுற அந்த நொடியில நூறு கிலோவுக்கு மேல இழுக்கும், எந்த அப்பா அம்மாவோட கையாலயும் பிடிக்க முடியாது. பெல்ட் போடாத பெரியவங்க மடியில இருந்தா அவங்க உடம்பே குழந்தையை டேஷ்போர்டோட நசுக்கும். ஒரே பெல்ட்டுக்குள்ள ரெண்டு பேரும் இருந்தாலும் அதேதான். பதினாலு வயசுக்குள்ள இருக்க பிள்ளைங்களுக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லன்னா ஓட்டுறவருக்கு ஆயிரம் ரூபாய்னு 194பியிலயே இருக்கு. கைக்குழந்தைக்கு பின்பக்கம் பாத்து வைக்கிற சீட்டு, பின் சீட்டுலதான் வைக்கணும், ஏர்பேக் ஆன்ல இருக்க முன் சீட்டுல அதை வைக்கவே கூடாது. சீட்டு விலை அதிகம்னு சொல்றவங்க வாடகைக்கோ தெரிஞ்சவங்ககிட்ட வளந்த பிள்ளையோட சீட்டையோ கேளுங்க, விபத்துல மாட்டாத சீட்டான்னு மட்டும் கேட்டு வாங்குங்க.

தீப்பிடிச்சா, ஏரியில விழுந்தா பெல்ட் மாட்டிக்கும்னு ஒரு பயம் பெரியவங்களுக்கு உண்டு. மயக்கமாகாம இருந்தாதான் கதவைத் திறந்து வெளிய வர முடியும், மயக்கமாகாம காப்பாத்துறது அந்த பெல்ட்டுதான்.

இங்க பெங்களூர்ல இன்னொரு மனப்பான்மை சேந்திருக்கு. 2023 பிப்ரவரியில பாக்கி ஃபைனை பாதி கட்டினா போதும்னு தள்ளுபடி குடுத்தாங்க, 2025 ஆகஸ்ட்லயும் குடுத்தாங்க, அதனால கேமரா சலான் வந்தா வரட்டும், அடுத்த தள்ளுபடியில கட்டிக்கலாம்னு ஆபீஸ்ல சாதாரணமா பேசிக்கிறாங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022ல மட்டும் பெல்ட் போடாம இறந்தவங்க 16,715 பேர், அதுல ஓட்டுனவங்க 8,384, கூட உக்காந்து வந்தவங்க 8,331. கிட்டத்தட்ட சரிபாதி பேர் வெறும் பயணிங்க. அந்தக் கணக்கைப் பாத்த அப்புறம் ஆயிரம் ரூபாய் எனக்கு ஒரு விஷயமாவே படல.

பழைய கார் வாங்குறவங்க, இந்த ஊர்ல நெறைய பேர் அப்படித்தான் வாங்குறாங்க, எல்லா பெல்ட்டையும் முழுசா வெளிய இழுத்துப் பாருங்க. ஓரம் பிரிஞ்சிருந்தாலோ ஒரு இடத்துல இழுபட்டு நெளிஞ்சிருந்தாலோ விபத்துல மாட்டின பெல்ட்டா இருக்கலாம், மாத்தணும். ஏர்பேக் வெடிச்சு ரிப்பேரான காரா இருந்தா பெல்ட்டை இறுக்குற பிரிடென்ஷனரையும் மாத்தினாங்களான்னு பில்லைக் கேளுங்க, அது ஒரு தடவைதான் வேலை செய்யும்.

கடைசியா சீட் கவர். புது கார் எடுத்ததும் முதல் வேலையா கவர் போடுறோம், கடைக்காரர் பின் சீட் பக்கிளை உள்ள தள்ளி மேல கவரை இழுத்து தைச்சு விட்டுடுறார், நெறைய டாக்ஸியிலயும் இதே கதை, பெல்ட் தொங்கும், மாட்ட இடம் இருக்காது. எங்க கார்லயும் சித்தி உக்காந்த அந்த நடு சீட்டோட பக்கிள் கவருக்கு அடியிலதான் இருந்தது, விபத்துக்கு அப்புறம்தான் பாத்தோம். இன்னிக்கு கீழ பார்க்கிங்குக்குப் போயி பின் சீட்டுல மூணு இடத்துலயும் கையை விட்டுத் தேடிப் பாருங்க, மூணு பக்கிளும் வெளிய வருதான்னு பாருங்க, வரலன்னா கவர் போட்ட கடைக்கே எடுத்துட்டுப் போயி அந்த இடத்துல வெட்டி ஓரம் தைச்சுத் தரச் சொல்லுங்க, கொஞ்ச நேர வேலைதான், எங்களுக்கு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பண்ணிக் குடுத்துட்டாங்க.