ஆழம் தோண்டினால் மண் தங்காது: மலைச்சரிவில் வண்டல் குட்டை வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மழைநீரோடு வரும் மண்ணைப் படியவைக்க வெட்டும் குட்டைக்கும், மஞ்சூர் பக்கம் ஐந்து ஏக்கர் சரிவை வெட்டி வேலை நடக்கும்போது கீழே வெட்டும் வண்டல் (சில்ட்) குட்டைக்கும் கணக்கு ஒன்றுதான். குந்தா வட்டாரத்து ஓடைகளில் இறங்கும் மண் கடைசியில் பில்லூர் அணையில் போய்ப் படிகிறது. கோவைக்குக் குடிநீர் போகும் அணை அது. அதனால்தான் இந்தக் குட்டைகளைச் சரியாக வெட்ட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தவறு, பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவது. மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம். அதனால் நாலு சென்ட் இடத்தில் பொக்லைனை விட்டுப் பதினைந்து அடிக்குத் தோண்டிவிடுகிறார்கள். மண் துகள் படிவதற்குத் தேவை ஆழம் அல்ல, நீர்ப்பரப்பு. உள்ளே வரும் நீரின் அளவைப் பரப்பால் வகுத்தால் ஒரு வேகம் கிடைக்கும். துகள் அதைவிட வேகமாகக் கீழே இறங்கினால் தங்கும், மெதுவாக இறங்கினால் நீரோடு வெளியே போய்விடும். ஆழம், படிந்த மண்ணுக்கு இடம் தரும், அவ்வளவுதான்.

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் உங்கள் நிலத்து மண்ணை ஒரு கைப்பிடி போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே விழும். வண்டல் படியச் சில நிமிடங்கள் ஆகும். மறுநாள் காலையிலும் மேலே நீர் தேநீர் நிறத்தில் நிற்கும், அது களி. 0.2 மி.மீ. மணல் ஒரு மீட்டர் இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 0.02 மி.மீ. வண்டலுக்கு முக்கால் மணி நேரம். 0.002 மி.மீ. களிக்கு மூன்று நாள். இது 20 டிகிரி நீரில். ஊட்டிக் குளிரில் 10 டிகிரிக்கு வந்துவிட்டால் நீரின் பாகுத்தன்மை கூடி, படியும் வேகம் கால் பங்கு குறையும். சமவெளிக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் இங்கேயே கணக்கு தப்பிவிடும்.

ஐந்து ஏக்கர் திறந்த மண், மணிக்கு 60 மி.மீ. மழை, அதில் அறுபது சதவீதம் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 200 லிட்டர். 0.02 மி.மீ. வண்டலைப் பிடிக்க 14 சென்ட் நீர்ப்பரப்பு வேண்டும். குளிருக்குச் சேர்த்தால் 18, குட்டைக்குள் நீர் சுழன்று கலங்குவதற்கும் கொஞ்சம் சேர்த்தால் 21 சென்ட். நாலு சென்ட் எங்கே, இது எங்கே!

அவ்வளவு இடம் இல்லை என்பார்கள். சரி, அப்போது வரும் நீரைக் குறைக்க வேண்டும். மேலே சோலையிலிருந்தும் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் தெளிவாக இறங்கும் நீரை எதற்குக் குட்டைக்குள் விட வேண்டும்? வேலை நடக்கும் இடத்துக்கு மேலேயே சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி ஒதுக்கிவிடுங்கள். ஒரே நேரத்தில் மொத்தச் சரிவையும் திறந்து போடாமல் துண்டு துண்டாக வெட்டுங்கள். களிக்கு எவ்வளவு பெரிய குட்டையும் போதாது. களியைத் திரட்டிப் படியவைக்க, பாட்டிலில் படிகாரம் போட்டுப் பார்த்து, அளவு தெரிந்த பிறகு குட்டையிலும் போடலாம்.

கோத்தகிரி பக்கம் ஒரு குட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். நீர் வரும் குழாயும் வெளியேறும் குழாயும் ஒரே ஓரத்தில் இருந்தன. உள்ளே வரும் நீரில் ஒரு காய்ந்த இலையைப் போட்டு எண்ணினேன். நாற்பது எண்ணுவதற்குள் இலை வெளியே போய்விட்டது. மறுபாதிக் குட்டையில் நீர் அசையவே இல்லை. நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் குறுக்கே தடுப்பு வைத்து நீரைச் சுற்றிவரச் செய்ய வேண்டும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல். அந்த மாதிரி நாளில் குட்டை மண்ணைப் பிடிக்க வேண்டாம், உடையாமல் நின்றால் போதும். வெளியேற ஒரு குழாயை மட்டும் வைத்துவிட்டால், இலையும் குச்சியும் அடைத்து, நீர் கரைமேல் ஏறி, மண்கரை கொஞ்ச நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சும் நீர் வழிந்து போக, கல் பதித்த அகலமான கலிங்கு தனியாக வேண்டும். அதுவும் கொட்டிய மண்மேல் அல்ல, வெட்டிய இயற்கைத் தரையில். பொக்லைன் வழித்துத் தள்ளிய மண்ணிலேயே கரை போடுவதும், கீழே வீடுகள் இருக்கும் சரிவில் நீரைத் தேக்குவதும் கூடவே கூடாது. நீர் ஊறிய சரிவு எப்படிச் சரியும் என்று குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெரிய குட்டைக்குப் பதில், சரிவு குறைந்த இடங்களில் இரண்டு மூன்று சிறு குட்டைகள் நல்லது.

அப்புறம், வாருவது. குட்டைக்குள் அளவு குறித்த கம்பம் ஒன்றை நட்டு, மண்ணுக்கு ஒதுக்கிய ஆழத்தில் பாதி நிறைந்ததும் வாரிவிட வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனுக்கு முன், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்கு முன். வண்டி இறங்க வழி விடாமல் வெட்டிய குட்டையை யாரும் வாரமாட்டார்கள். வாரிய மண்ணைச் சதுப்பில் கொட்டினால் அடுத்த மழைக்கு அது மறுபடி ஓடைக்கே போகும். மேல்மண் நிறைய இருந்தால் காய்கறிப் பாத்திகளுக்கே திரும்ப ஏற்றிவிடலாம்.