எட்டு கோரும் ஓடுகிறது, வேலை நகரவில்லையா? லினக்ஸில் இப்படிப் பாருங்கள்

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைக் கணக்குகள்தான் நாகர்கோவிலில் என் கணினியில் நாள் முழுக்க ஓடும். பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி என்று காற்றின் வேகம் பதிவானால், ஒரு காற்றாலைக்கு ஆண்டுக்கு 52,560 வரிகள். பைத்தானில் மல்ட்டிபிராசசிங் (வேலையைப் பல ப்ராசஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் நிரல்களாகப் பிரிக்கும் வசதி) போட்டு, கணினியின் எட்டு கோருக்கும் (ப்ராசசரின் கணக்கிடும் அலகுகள்) வேலையை எட்டாகப் பிரித்து விட்டேன். நான்காகப் பிரித்தபோது முடிந்ததைவிட மெதுவாக முடிந்தது! அதைச் சரிசெய்த வழி இது. உபுண்டு, டெபியன் எதுவானாலும் பொருந்தும்.

முதலில், ஒவ்வொரு கோரின் ஓட்டத்தையும் டெர்மினலில் காட்டும் எச்டாப்பை நிறுவிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்போடு வரும் சிஸ்டம் மானிட்டர் வரைபடங்களை நான் நம்புவதில்லை. எட்டுக் கோடுகளும் உச்சியில் நிற்பதைக் காட்டும், ஏன் என்று சொல்லாது. எச்டாப்பில் பச்சை உங்கள் நிரலின் வேலை, சிவப்பு கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) வேலை. சிவப்பு அதிகமானால் சந்தேகப்படத் தொடங்கலாம். ஒரு கோர் முழுவதும் ஓடினால் 100 சதவீதம் என்று கணக்கு. அதனால் ஒரே ப்ராசஸ் 780 என்று காட்டினால் பயப்பட வேண்டாம்.

அடுத்து, நிரலை ஓட்டும் கட்டளைக்கு முன்னால் 'டைம்' சேர்த்து ஓட்டுங்கள். முடிந்ததும் ரியல், யூசர், சிஸ் என மூன்று எண்கள் வரும். ரியல் நீங்கள் காத்திருந்த நேரம். யூசர் எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைத்த நேரம். யூசரும் ரியலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஒரே கோர்தான் வேலை செய்கிறது என்று பொருள். 1, 2, 4, 8 என்று ப்ராசஸ் எண்ணிக்கையை மாற்றி ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ரியல் குறையாமல் யூசர் மட்டும் ஏறிக்கொண்டே போனால், கோர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.

இங்கேதான் கவனம் வேண்டும். பைத்தானின் பிப் நிறுவி மூலம் நிறுவும் நம்பை என்ற கணக்கு நூலகத்தோடு ஓப்பன்பிளாஸ் என்ற நூலகமும் சேர்ந்து வரும். மேட்ரிக்ஸ் கணக்கு வந்தால், அது தானாகவே எத்தனை கோர் உண்டோ அத்தனை த்ரெட் (ஒரு ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் கிளை) திறக்கும். நீங்கள் எட்டு ப்ராசஸ் விட்டிருந்தால், ஒவ்வொன்றும் எட்டு த்ரெட் திறந்து மொத்தம் 64. கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையின் கயிற்றில் இடம் இருப்பதைவிடப் பல மடங்கு ஆட்கள் நெருக்கி நின்று இழுப்பதுபோல, ஆளுக்கு ஆள் முட்டி வலை நகராது. எச்டாப்பில் த்ரெட்களும் தெரியும் (தெரியாவிட்டால் பெரிய எச் எழுத்தை அழுத்துங்கள்), எண்ணிப் பாருங்கள்.

தீர்வு ஒரே வரி. டெர்மினலில் எக்ஸ்போர்ட் கட்டளையால் ஓஎம்பி, நம் (நம்பர் என்பதன் சுருக்கம்), த்ரெட்ஸ் மூன்றையும் பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு இட்டுச் சேர்த்து, அதன் மதிப்பை 1 என்று வையுங்கள். நிரலுக்குள்ளேயே வைப்பதானால் நம்பையை இம்போர்ட் செய்யும் வரிக்கு மேலே வைக்க வேண்டும். ஓப்பன்பிளாஸ் ஏற்றப்படும்போதே இந்த மதிப்பைப் படித்துவிடும். அதன்பின் மாற்றினால் பலன் இல்லை. எனக்கு இதை மாற்றிய உடனே எட்டு ப்ராசஸ் நான்கைத் தாண்டி ஓடியது.

அப்புறம் 'எல்எஸ்சிபியு' கட்டளையில் ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்ற வரியைப் பாருங்கள். 2 என்று இருந்தால், உங்களிடம் உள்ள எட்டில் உண்மையான கோர் நான்குதான். நான்கிலிருந்து எட்டுக்குப் போனால் வேகம் இரட்டிக்காது. அதுவும் போக, நிரலில் பிரிக்கவே முடியாத பகுதி பத்தில் ஒன்று இருந்தால், உண்மையான எட்டு கோர் கொடுத்தாலும் 4.7 மடங்குக்கு மேல் வேகம் வராது. 1967இல் ஜீன் அம்தால் சொன்ன கணக்கு இது. கோப்பை வாசிக்கும் பகுதியையும் முடிவை எழுதும் பகுதியையும் முதலில் சுருக்குங்கள்.

மெமரியையும் விட்டுவிடாதீர்கள். எட்டு ப்ராசஸும் தரவைத் தனித்தனியாக வைத்துக்கொண்டால் ஸ்வாப் (மெமரி போதாமல் தரவை வட்டுக்கு மாற்றி வைப்பது) தொடங்கிவிடும். 'விஎம்ஸ்டாட் 1' ஓடவிட்டு எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளைப் பாருங்கள். தொடர்ந்து பூஜ்யமாக இல்லாவிட்டால் ப்ராசஸைக் குறைப்பதே வழி. மடிக்கணினி என்றால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும்போது வேகம் இறங்கக்கூடும். அளவெடுக்கும்போது சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: தக்கலையிலிருந்து ஒரு வாசகர், கையால் ஓட்டினால் வேகம், இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓட்டினால் மெதுவாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பை கிரான் படிக்காது. எக்ஸ்போர்ட் வரியை அங்கே எழுதியிருந்தால் கிரானுக்குத் தெரியாது. கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப்பில் வேலையின் வரிக்கு மேலே, எக்ஸ்போர்ட் என்ற சொல் இல்லாமல், அதே பெயரையும் மதிப்பையும் தனி வரியாகச் சேருங்கள். நிர்வாகி அனுமதிக்காக சூடோ போட்டு ஓட்டுபவர்களுக்கும் இதே சிக்கல் வரும். அதற்கு சூடோவுக்குப் பிறகு, நிரலின் பெயருக்கு முன்னால் அந்தப் பெயரையும் மதிப்பையும் சேர்த்து எழுதினால் போதும்.