பழைய வால்வு ஆம்ப் உறுமினால் உடனே வால்வு வாங்காதீர்கள்

போன வாரம் செந்தூலிலிருந்து ஒரு தம்பி 50 வாட் வால்வு ஹெட்டை, அதாவது ஸ்பீக்கர் இல்லாத கிட்டார் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. அதில் கழற்றிய வால்வுகள், ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள். "அண்ணே, எல்லாத்தையும் புதுசா மாத்திட்டேன். இன்னும் உறுமுது." இந்த வருடத்தில் இதைச் சொல்லிக்கொண்டு வந்த மூன்றாவது ஆள் அவர். இருபது வருடங்களுக்கு முன் நானும் இன்னொருவர் பட்டறையில் இதையேதான் சொல்லிக்கொண்டு நின்றேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேபிள் சரியா, கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் கத்துகிறதா, அறையில் ஃபேன் ரெகுலேட்டர் ஓடுகிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தம் கேட்டதும் வால்வு செட் வாங்குவது

வால்வைக் கையாலேயே கழற்றிவிடலாம், ஈயம் உருக்க வேண்டியதில்லை. அதனாலேயே எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது.

கிள்ளானில் ஒருவரிடம் பழைய ஹெட் ஒன்று வாங்கினேன். பவர் பகுதியில் இரண்டு இஎல்34 வால்வுகள். சுவிட்சைப் போட்டாலே அடித்தொண்டை உறுமல். அந்த வாரமே 600 வெள்ளி கொடுத்து முழு செட்டையும் மாற்றினேன். உறுமல் அப்படியே இருந்தது. புது வால்வு, சூடானால் அடங்கிவிடும் என்று ஓடவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்து பின்பக்கம் பார்த்தால், இரண்டு இஎல்34-க்கு உள்ளேயும் சாம்பல் நிறத் தகடு அடுப்புக்கரி மாதிரிச் சிவந்திருந்தது. ஓடிப்போய் அணைத்தேன். அதற்குள் இரண்டுமே கெட்டுப்போயிருந்தன.

அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். பவர் வால்வின் கிரிட்டில், அதாவது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் முனையில், மைனஸ் 38 வோல்ட் அளவில் இருக்க வேண்டியது மைனஸ் 22 காட்டியது. அந்த மைனஸ் வோல்ட்டைத் தரும் பயஸ் பகுதியில் ஒரு சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தது. பயஸ் குறைந்தால் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். பவர் சப்ளை திணறும், உறுமல் கூடும். இஎல்34-இன் தகடு 25 வாட்தான் தாங்கும். அதைத் தாண்டிப் போனால் சிவந்துவிடும். ஜாலான் பசாரில் அந்தக் கெப்பாசிட்டரின் விலை அப்போது 2 வெள்ளி. நான் கழற்றிக் குப்பையில் போட்ட பழைய வால்வுகளில் ஒரு குறையும் இருந்திருக்காது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. பணம் போனது ஒருபக்கம். பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே விஷயம் புரிந்திருக்கும்.

எப்படிக் கேட்பது? வால்யூம் குமிழ்கள் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். உறுமல் குறையவே இல்லை என்றால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அடுத்து அதன் சுருதி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரைத் தாண்டி வரும் உறுமல் 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டை மீட்டுங்கள், அது 98. உறுமல் அதோடு ஏறக்குறைய ஒன்றினால் அந்த டிசியைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களைச் சந்தேகப்படுங்கள். பவர் வால்வு இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனாலும் இதே சத்தம் வரலாம். அதைவிட ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயர், பயஸ் பகுதி, எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் 60, 120 என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கு இங்கே உதவாது.

குமிழைத் திருப்பினால் சத்தம் கூடிக் குறைகிறது என்றால் ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, இன்புட் பக்கத்துப் பிரீ-ஆம்ப் வால்வை (சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன வால்வு) மட்டும் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு அந்த வால்விலோ அதற்கு முன்னாலோ. நிற்காவிட்டால் அடுத்ததைக் கழற்றுங்கள். இதற்கு ஒரு சென் செலவில்லை.

தம்பியின் ஆம்ப்பில் உறுமல் மூன்றாம் ஃபிரெட்டோடு அப்படியே ஒட்டி நின்றது. திறந்து பார்த்தேன். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் ஒன்றின் தலை உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்து உறைந்திருந்தது.

மூடியைத் திறந்த உடனே கை வைப்பது

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொடுங்கள். பழக்கமில்லை என்றால் திறக்கவே வேண்டாம்.

எர்த்தைத் துண்டித்து உறுமலை நிறுத்துவது

கூடவே கூடாது. உயிர் போகும்.

ஜப்பான் ஆம்ப்பும் இரண்டு கால் பிளக்கும்

ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப்புகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. வாங்குகிறவர்கள் மலிவான 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 போகிறது. அதைவிட மோசம், பல ஸ்டெப்-டவுன்களில் இரண்டு துளைதான், எர்த் ஆம்ப்புக்குப் போய்ச் சேருவதே இல்லை. சில வீடுகளில் சுவர் சாக்கெட்டின் மேல்துளையில் பேனா மூடியைக் குத்தி இரண்டு கால் பிளக்கைச் செருகுகிறார்கள். கிட்டார்க் கம்பியைத் தொட்டால் உறுமல் மாறுகிறது, மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்கிறது என்று அவர்கள் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. எர்த் உள்ள 100 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள், ஆம்ப்பின் உலோகக் கூடான சேசிஸ் வரை எர்த் போகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடக்கூடும்.

எல்லாச் சரசரப்புக்கும் ஸ்பிரே

நம் ஊர் ஈரக்காற்றில் ஜாக், வால்வு சாக்கெட், குமிழ் எல்லாம் கறுத்துப்போகும். கான்டாக்ட் கிளீனர் போதும். துரு நீக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால், எஃபெக்ட்ஸ் பெட்டிகளை இணைக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பின் சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன கேபிளைப் போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் கறுத்தது அந்த ஜாக்தான். சுத்தம் செய்த பிறகும் வால்யூம் குமிழ் சரசரத்தால் அதற்கு முன்னால் டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டர் டிசி கசியவிடலாம். அப்படியென்றால் எத்தனை முறை ஸ்பிரே அடித்தாலும் அது அடங்காது.

கழற்றிய வால்வைத் தூக்கிப் போடுவது

போடாதீர்கள். தம்பியின் பையில் இருந்தவை ஐந்து. இரண்டு இஎல்34-உம் நன்றாக இருந்தன. பிரீ-ஆம்ப் பக்கத்துச் சின்ன வால்வுகளான மூன்று 12ஏஎக்ஸ்7-இல் ஒன்றை மட்டும் பென்சில் முனையால் தட்டினால் ஸ்பீக்கரில் மணி மாதிரி ஒலித்தது. இன்புட் பக்கத்து முதல் சாக்கெட்டில்தான் அது தொல்லை. பவர் வால்வுகளுக்கு முன்னால் உள்ள ஃபேஸ் இன்வெர்ட்டர் சாக்கெட்டில் போட்டுத் தட்டிக் காட்டினேன், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தையும் செய்தித்தாளில் சுற்றி அவரிடமே கொடுத்தனுப்பினேன்.