சிக்கலான கர்ப்பத்தில் இசை: வார்டிலும் வீட்டிலும் செய்யும் முறை

பிபி கூடிவிட்டது, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, இரட்டைக் கரு என்று எழுதி உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கமிருந்து மதுரைக்கு அனுப்பப்படும் பெண், பல நாள் வார்டிலேயே படுத்திருக்க நேரிடும். மூத்த பிள்ளை சாப்பிட்டதா, இந்தப் பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வருமா என்ற நினைப்பே அவரைத் தூங்க விடாது. அந்தப் பயத்தைத் தணிக்கவும் தூக்கத்தை வரவழைக்கவும் இசை உதவும். பிபி மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ அது மாற்றில்லை. வயிற்றுப் பிள்ளையை அறிவாளியாக்கும் என்று விற்கப்படுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தைவானில் 236 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் இசை கேட்டவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் செய்வது இதைவிட விரிவானது. கூட இருக்கும் அம்மாவோ அக்காவோ கணவரோ ஸ்டாஃப் நர்ஸின் துணையோடு செய்யக்கூடியதை மட்டும் இங்கே சொல்கிறோம். தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஷிப்ட் நர்ஸுக்கும் அப்போதுதான் தெரியும்.

பாட்டை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும்

முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். சின்ன வயதிலிருந்து பிடித்த பாட்டு எது? எந்தப் பாட்டைக் கேட்டால் மனது கனக்கும்? பயம் எந்த நேரத்தில் அதிகம் வருகிறது: ராத்திரியா, ஸ்கேனுக்கு முன்னா, ரவுண்ட்ஸ் முடிந்த பிறகா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடவே கூடாது. கர்ப்பிணிக்குத் தாலாட்டுதான் பொருத்தம் என்று நினைத்து அதையே முதலில் போட்டுவிடுகிறார்கள். முன்பு ஒரு பிள்ளையை இழந்தவருக்கு அது தாங்க முடியாததாகலாம். நம் பக்கத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் மெட்டில் நெருக்கமானவை. சாவு வீட்டில் கேட்ட இழுப்பு தாலாட்டில் வந்து நிற்கும். அவராகக் கேட்டால் ஒழிய தாலாட்டு வேண்டாம்.

இந்த நோய்க்கு இந்த ராகம் என்று சுற்றிவரும் பட்டியல்களையும் நம்ப வேண்டாம். நீலாம்பரி தூங்கவைக்கும் ராகம் என்று பெயர் பெற்றதுதான். ஆனால் கர்நாடக சங்கீதமே கேட்டுப் பழகாத பெண்ணுக்கு அது ஊர் தெரியாத சத்தம். அவருக்குப் பழகிய பழைய சினிமாப் பாட்டோ, சர்ச்சில் பாடும் பாமாலையோ, வீட்டில் கேட்ட இஸ்லாமியப் பாடலோ அதைவிட நன்றாக வேலை செய்யும்.

அரை மணிப் பட்டியல்

அவர் சொன்னவற்றிலிருந்து ஆறேழு பாட்டு போதும், மொத்தம் 30 நிமிடம். அடுக்கும் வரிசைதான் முக்கியம். பதற்றமாக இருப்பவருக்கு எடுத்தவுடனே மிக மெதுவான இசையைப் போட்டால் மனது அதில் ஒட்டாது, எரிச்சல்தான் வரும். அவர் இப்போது இருக்கும் வேகத்தில் தொடங்கி, படிப்படியாக இறக்க வேண்டும்.

நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். கர்ப்பத்தில் இதயத்துடிப்பு வழக்கத்தைவிட 10 முதல் 20 வரை கூடும் என்பதால் 85, 90 இருந்தால் பயப்பட வேண்டாம். படுத்து ஓய்வெடுத்த பிறகும் 100க்கு மேலேயே நின்றால் பாட்டைத் தொடங்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். பாட்டின் வேகத்தை அறிய, தாளத்துக்கு விரலைத் தட்டி 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். முதல் இரண்டு பாட்டு 85 பக்கம், அடுத்தவை 75, கடைசிப் பத்து நிமிடம் 60 முதல் 65. அந்தக் கடைசிப் பகுதியில் வார்த்தை வேண்டாம். வீணை, கீழ் ஸ்தாயியில் புல்லாங்குழல், தம்பூரா சுருதி நன்றாக இருக்கும். நாதஸ்வரமும் தவிலும் உறுமியும் எவ்வளவு பிடித்தாலும் இந்த அரை மணிக்கு ஒத்துவராது.

எல்லாவற்றையும் முன்பே போனில் இறக்கி வையுங்கள். இணையத்தில் நேராக ஓடவிட்டால், கண் சொருகும் நேரத்தில் விளம்பரம் அலறி எழுப்பிவிடும். பாட்டு ஓடும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அழைப்புகளுக்குக் கூட இருப்பவரின் போனைத் தயாராக வையுங்கள்.

செய்யும்போது

ஒரு நாளைக்கு இரண்டு வேளை: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ராத்திரி மாத்திரை முடிந்து ஒன்று. சிறுநீர் கழித்துவிட்டு, இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கட்டும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரக்கூடும். தொடங்குமுன் ‘பயம் பத்துக்கு எத்தனை?’ என்று கேட்டு எழுதுங்கள். முடிந்ததும் மறுபடி கேளுங்கள். இரண்டு எண், தேதி, எந்தப் பாட்டு: இவ்வளவு குறிப்பு போதும்.

மூச்சுக்கு ஆதி தாளம் கைகொடுக்கும். விநாடிக்கு ஒரு எண்ணிக்கையாக எட்டு: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்புவது இரண்டு முறை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல் வரை மூச்சை இழுத்து, நடுவிரலில் தொடங்கி மீதி ஐந்து எண்ணிக்கைக்கும் மெல்ல விட வேண்டும். மூச்சை அடக்க வேண்டாம். ஊசி குத்தியிருக்கும் கையால் தாளம் போடாமல் மறு கையால் போடட்டும். தலை கிறுகிறுத்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடட்டும்.

சத்தம் சாதாரணப் பேச்சளவுக்கு மேல் போகக் கூடாது. கை நீளத் தூரத்தில் நீங்கள் மெதுவாகப் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும், அதுதான் சோதனை. பொது வார்டில் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் நேற்றுப் பிள்ளையை இழந்தவர் இருக்கலாம். ஒரு காதில் மட்டும் இயர்போன் வையுங்கள். நர்ஸ் கூப்பிடுவது கேட்க வேண்டும். ஓபி வரிசையில் காத்திருக்கும்போதும் அப்படியே, இல்லாவிட்டால் பேர் கூப்பிடுவது தவறிப்போகும். ஒருவர் போட்ட இயர்போனை இன்னொருவர் போடுமுன் ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள்.

வயிற்றின் மேல் ஸ்பீக்கரோ ஹெட்போனோ வைக்கக் கூடாது. தூங்கும் சிசுவை அசையவைத்துப் பார்க்க மருத்துவர்கள் வயிற்றில் அதிர்வும் சத்தமும் கொடுப்பதுண்டு. அது ஒரு பரிசோதனை, வீட்டில் விளையாடும் விஷயமில்லை. பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்றால் தாயே மெல்ல ‘ம்ம்’ என்று முனகட்டும். ஏழாம் மாதம் அளவில் பிள்ளைக்குச் சத்தம் நன்றாகவே கேட்கும். தாயின் குரல் உடம்பு வழியாகவே உள்ளே போய்விடும். பிறந்த சில நாள் பிள்ளைகளே தாயின் குரலைப் பிரித்தறிந்து விரும்புவதை 1980இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

எப்போது நிறுத்துவது

பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிடமும் பார்க்கும்போதும் பாட்டு கூடாது. பாட்டோடு ஒரு நாள், பாட்டில்லாமல் ஒரு நாள் என்று எடுத்தால் ஏறியதா இறங்கியதா என்று மருத்துவரால் ஒப்பிட முடியாது. பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் என்.எஸ்.டி. பரிசோதனை எடுக்கும் 20 நிமிடமும் அப்படியே. பிள்ளையின் அசைவை எண்ணும் நேரத்திலும் நிறுத்துங்கள், கவனம் அதில் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் உடனே சொல்லுங்கள்.

பிபி கூடியவருக்குத் தலைவலி வந்தால், இசை கேட்டால் சரியாகிவிடும் என்று படுக்கவைக்காதீர்கள். இந்த முறையில் நேரக்கூடிய பெரிய ஆபத்து இதுதான். விடாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்று வலி, முகம் வீங்குவது, சிறுநீர் குறைவது எல்லாம் வலிப்புக்கு முன்னறிகுறியாக இருக்கலாம். ரத்தக்கசிவு, பனிக்குட நீர் ஒழுகல், விட்டு விட்டு வலி என்று எது வந்தாலும் இயர்போனைக் கழற்றிவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள், வீட்டிலிருந்தால் 108. வலிப்புத் தடுப்புக்கு மெக்னீசியம் சல்பேட் போகும்போது இசை வேண்டாம். அவர் விழிப்பாகப் பதில் சொல்கிறாரா, முழங்காலைத் தட்டினால் வரும் அனிச்சைத் துடிப்பு சரியா என்று நர்ஸ் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

இன்சுலின் போடுபவர் ஊசிக்குப் பிறகு பாட்டில் தூங்கிச் சாப்பாட்டை விட்டுவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். சாப்பிட்ட பிறகே தொடங்குங்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து ட்ரிப் ஏறும் நேரம் இசைக்கு நல்ல நேரம், ஆனால் அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் சொல்லும் நிலையில் அவர் விழித்திருக்க வேண்டும்.

மூன்று நாள் செய்தும் அந்தப் பத்துக்கான எண் இறங்கவில்லை என்றால் பாட்டை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள். பாட்டே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்திக் கேட்கவைக்கும் இசையால் நன்மையில்லை. இரண்டு வாரமாக அழுகை நிற்கவில்லை, தூக்கமே இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்நேரமும் பேசலாம்.

வீட்டுக்கு அனுப்பினால் சுற்றுச் சத்தத்தையும் கவனியுங்கள். சித்திரையிலும் ஆடியிலும் தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். கம்பத்துக்கு நேர் எதிரில் வீடு இருந்தால், அந்த நாட்களுக்கு அவரைச் சத்தமில்லாத உறவினர் வீட்டில் தங்கவையுங்கள். அந்த வீடு மருத்துவமனைக்குப் பக்கமாக இருப்பது இன்னும் நல்லது.

குறைமாதத்தில் பிள்ளை பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் இதே பட்டியலை இன்குபேட்டருக்குள் போடக் கூடாது. அங்கே சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. நெஞ்சோடு அணைத்துக் கங்காரு முறையில் வைத்திருக்கும்போது, கர்ப்பத்தில் முனகிய அதே மெட்டைத் தாய் மெல்ல முனகலாம். பிள்ளை விரல்களை விரித்தாலோ, நிறம் மாறினாலோ, விக்கினாலோ அதற்குப் போதும் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள்.