பேக்ஸ்டே இறுக்கியைக் கழற்றுவதற்கு முன்

பினாங்கு, தஞ்சோங் தோக்கோங்கில் நிற்கும் என் 26 அடிப் படகில், பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் கம்பியான பேக்ஸ்டேயின் திருகு இறுக்கி அசைய மறுத்தது. சுத்தியலைத் தொடாதீர்கள். முதலில் பெரிய பாயை ஏற்றும் கயிற்றைப் பின்முனைக்குக் கொண்டுவந்து விறைப்பாகக் கட்டுங்கள். இறுக்கி இல்லாதபோது பாய்மரத்துக்கு அதுதான் பிடி. வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருங்கள். மாலையில் இடிமழை கொட்டும் ஊர். காலையிலேயே தொடங்குவது நல்லது.

என்னுடையதில் மரைகள் ஒன்றையொன்று கடித்துப் பிய்ந்திருந்தன. துருப்பிடிக்காத எஃகு உராய்ந்தால் இப்படித்தான்; எண்ணெய்க்கு மசியாது, மாற்றியே தீர வேண்டும். புதியது வாங்க, இறுக்கியைப் படகோடு பிணைக்கும் பழைய முள்ளாணியின் விட்டத்தை அளந்து செல்லுங்கள். மரையில் லனோலின் என்னும் ஆட்டுரோமக் கொழுப்பைப் பூசி, முள்ளாணி கழலாமல் தடுக்கும் பிளவு ஊசியையும் புதிதாகவே போடுங்கள். இரண்டு ரிங்கிட்டுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.