மெஷினைக் குறை சொல்வதற்கு முன்: பாரம்பரியக் கோழி இனத்தைப் பெருக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது முட்டை வைத்து எட்டுக் குஞ்சுதான் வந்தது என்றால், பழி முதலில் இன்குபேட்டர் என்ற முட்டை பொரிக்கும் மெஷின் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் தவறு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்: சேவலை மாற்றிய விதத்தில், தீனியில், முட்டையைச் சேர்த்து வைத்த இடத்தில். சாதாரணக் கலப்புக் கோழியில் இது சில முட்டைகளின் நட்டத்தோடு போய்விடும். ஒரு இனத்தைச் சுத்தமாக வைத்திருக்க நினைப்பவருக்கு அதே தவறு பல தலைமுறைக்கு நிற்கும்.

சேவலை மாற்றிய மறுவாரமே முட்டை சேர்ப்பது

பெட்டையின் கருக்குழாயில் விந்தணுவைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை சேர்ந்த சேவலின் விந்து அங்கே இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருந்து, அடுத்தடுத்து இறங்கும் மஞ்சள் கருவைக் கருக்கூட்டும். ஆகவே கலப்புச் சேவலோடு திரிந்த பெட்டையை இன்று பிரித்து, சுத்தச் சேவலோடு விட்டு, பத்தாம் நாள் எடுத்த முட்டைக்குத் தகப்பன் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிரித்து மூன்று வாரம், முடிந்தால் நான்கு வாரம் ஆன பிறகு இடும் முட்டையை மட்டும் அடைக்கு எடுங்கள். அதுவரை வருவது சாப்பாட்டுக்கு.

குஞ்சு வளர்ந்தால் தெரிந்துவிடுமே என்று நம்பிவிடக் கூடாது. அசில் என்ற சண்டைக்கோழி இனத்துக்கு மூன்று வரிசையாகத் தலையோடு படிந்த பட்டாணிக் கொண்டை. இந்தப் பண்பு ஒற்றைக் கொண்டையைப் பெரும்பாலும் அமுக்கிவிடும். ஒற்றைக் கொண்டைக் கோழியோடு கலந்த முதல் தலைமுறையும் பட்டாணிக் கொண்டை போலத்தான் காட்டும். சற்றே உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும்போதுதான் சராசரியாக நாலில் ஒன்று ஒற்றைக் கொண்டையோடு வெளிவரும். அதற்குள் அந்த ரத்தம் மந்தை முழுக்கப் பரவியிருக்கும்.

ஒரே சேவலை வைத்து ஓட்டுவது

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை என்பது முட்டை கருக்கூடுவதற்கான கணக்கு. இனத்தைக் காப்பதற்கான கணக்கு வேறு. மந்தை உண்மையில் எத்தனை கோழியின் ரத்தத்துக்குச் சமம் என்று பார்க்க, சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும். 1 சேவல், 10 பெட்டை என்றால் 40 வகுத்தல் 11, விடை 3.6. கண்ணுக்குப் பதினோரு கோழி தெரிகிறது, ரத்தத்தில் நாலுகூட இல்லை. அதே 10 பெட்டைக்கு 4 சேவல் இருந்தால் 11.4. கூடுதல் சேவலுக்குப் போடும் தீனி வீண் செலவு அல்ல.

நெருங்கிய ரத்தம் சேரச் சேர, கருக்கூடுவது குறையும், ஓட்டுக்குள்ளேயே குஞ்சு சாகும், பிழைத்தவை மெலிந்து நிற்கும். வெளியிலிருந்து சேவல் வாங்காமலே இதைத் தள்ளிப்போட வழி உண்டு. மந்தையை மூன்று குடும்பமாகப் பிரியுங்கள். பிறக்கும் பெட்டைகள் தாயின் குடும்பத்திலேயே இருக்கட்டும். சேவல்களை மட்டும் ஆண்டுதோறும் நகர்த்துங்கள்: ஒன்றில் பிறந்தது இரண்டுக்கு, இரண்டில் பிறந்தது மூன்றுக்கு, மூன்றில் பிறந்தது ஒன்றுக்கு. பொரித்த அன்றே குஞ்சின் காலில் குடும்பத்துக்கு ஒரு நிறமாக வளையம் போடாவிட்டால் இந்த ஏற்பாடு முதல் ஆண்டிலேயே குழம்பிவிடும். வளையத்தை வாராவாரம் பார்த்துப் பெரிதாக மாற்றுங்கள். இறுகினால் காலை அறுத்துவிடும்.

முட்டையைச் சூடான அறையில் வைப்பது

இடும்போதே முட்டைக்குள் கரு ஏறக்குறைய ஒரு நாள் வளர்ந்திருக்கும். ஆறியதும் அது உறங்கும். 30 டிகிரி அறையில் அந்த உறக்கம் வராது. அடைக்குப் போதாத சூட்டில் அரைகுறையாக வளர்ந்து, வலுவிழந்து, வைத்த சில நாளில் சாகும். 15 முதல் 18 டிகிரியில், கூர்முனை கீழே இருக்க, ஏழு நாள் வரை வைக்கலாம். அப்படி இடம் இல்லையென்றால் மூன்று நான்கு நாள் முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஓடும் ஃப்ரிட்ஜ் கருவுக்கு அளவுக்கு மீறிய குளிர்.

அழுக்கு முட்டையைக் கழுவுவதும் கெடுதல். ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் நுண்துளை வழியே கிருமி உள்ளே போகும். அழுக்கானதை ஒதுக்கிவிட்டு, கூட்டில் காய்ந்த வைக்கோலை மாற்றுங்கள். புதிதாக முட்டையிடத் தொடங்கிய விடைக்கோழியின் சின்ன முட்டையும் வேண்டாம். அளவு சீராகும் வரை பொறுங்கள்.

தீனியில் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் குறைந்தால் முட்டையிடுவது நிற்காது, முட்டை ஓடும் நன்றாக இருக்கும், குஞ்சுதான் வராது. வந்தாலும் கால்விரல் உள்ளே சுருண்டிருக்கும். முட்டை சேர்ப்பதற்கு நான்கு வாரம் முன்பே தாய்க்கோழிகளுக்கான தீவனத்துக்கு மாறுங்கள்.

மெஷினின் திரையை நம்புவது

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்துச் சரிபாருங்கள். விசிறி உள்ள மெஷினில் 37.5 முதல் 37.8 டிகிரி. விசிறி இல்லாததில் மேலும் கீழும் சூடு மாறும். முட்டையின் மேற்பரப்பு உயரத்தில் 38.5 முதல் 39 வேண்டும். முட்டை வைக்குமுன் ஒரு நாள் முழுக்க வெறுமனே ஓடட்டும். பதினெட்டாம் நாள் வரை தினமும் குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஐந்து முறை திருப்புங்கள். இல்லையென்றால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும்.

ஈரப்பதத்துக்கு மீட்டரைவிடத் தராசு நல்ல சாட்சி. பதினெட்டாம் நாளில் முட்டை 12 முதல் 13 சதவீதம் எடை இழந்திருக்க வேண்டும்: 40 கிராம் முட்டை 35 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். பத்து முட்டையை வைக்கும் அன்றே ஒன்றாக எடை போட்டு, ஆறாம் நாளிலும் பன்னிரண்டாம் நாளிலும் பாருங்கள். எடை குறையவில்லை என்றால் தண்ணீர்த் தட்டை எடுங்கள். எடை குறையாத முட்டையில், அகன்ற முனையிலுள்ள காற்றறை சிறிதாகிப்போன குஞ்சு, ஓட்டை உடைக்கும் முன்பே ஈரத்தில் மூச்சுமுட்டிச் சாகும்.

பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றி மூடிவிட்டால், அதன்பின் மூடியைத் தொடாதீர்கள். ஒருமுறை திறந்தாலே ஓட்டில் கீறல் விழுந்த முட்டையின் சவ்வு காய்ந்து, காகிதம் போலக் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளக்கூடும். முதல் கீறலிலிருந்து வெளிவர ஒரு நாள்கூட ஆகும். அந்த நேரத்தில்தான் மீதி ரத்தமும் மஞ்சள் கருவும் உடம்புக்குள் இழுபடுகின்றன. பொறுக்காமல் ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும். அந்த மஞ்சள் கருதான் குஞ்சுக்கு இரண்டு நாள் சாப்பாடு. ஆகவே பசியில் தவிக்குமோ என்று அவசரமாக எடுக்கத் தேவையில்லை, ரோமம் உலரட்டும்.

அடைக்கோழியை மறப்பது

எல்லாவற்றையும் மெஷினில் பொரித்து, அடையில் உட்காராத பெட்டையையே அதிகம் இடுகிறது என்று தேர்ந்தெடுத்துப் போனால், தானாக அடைகாக்கும் குணம் மந்தையிலிருந்து போய்விடும். பாரம்பரிய இனத்தில் அதுவும் காக்க வேண்டிய பண்பு. நல்ல அடைக்கோழியைத் தனி இடத்தில் உட்கார வையுங்கள். வைக்கும் அன்றே எல்லா முட்டையிலும் பென்சிலால் குறியிடுங்கள். குறியில்லாதது அடுத்த நாள் வேறு கோழி வந்து இட்டது. பேன் பார்த்து, மண்ணும் சாம்பலும் கலந்து குளியலுக்கு வையுங்கள். பேன் மண்டிய கோழி பாதியில் எழுந்து போய்விடும்.

பொரிக்காத முட்டையைத் தூக்கி எறிவது

இருபத்து மூன்றாம் நாள் அவற்றை வெளியில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். கருவே இல்லையென்றால் சேவலைக் கவனியுங்கள். ரத்த வளையத்தோடு நின்றிருந்தால் சேமித்த விதமோ தொடக்கச் சூடோ தவறு. நடுவில் நின்றிருந்தால் தீனி. முழுதாக வளர்ந்து ஓட்டை உடைக்காமல் செத்திருந்தால், ஈரத்தையும் கடைசி மூன்று நாளில் மூடி திறந்ததையும் பாருங்கள். எந்தக் குடும்பத்து முட்டை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே குடும்பத்தில் மட்டும் திரும்பத் திரும்பச் சாவு விழுந்தால் அது ரத்தம் நெருங்கியதால் இருக்கலாம், அங்கே சேவலை மாற்றிப் பாருங்கள்.